ஆளைத் தின்ற சைக்கிள்

அந்த வீட்டின் பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் சாத்தப்பட்டிருந்தது. இரண்டு டயர்களும் காற்றுப் போய்த் தரையோடு உட்கார்ந்துவிட்டன. சீட்டின் தோல் வெடித்து உள்ளே இருந்த சுருள்கம்பிகள் எட்டிப் பார்த்தன. ஒரு காலத்தில் பச்சையாக இருந்த ஃபிரேமில் பெரும்பாலும் காவி நிறத்தில் துரு. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். ஆனால் யாரும் தொட்டதில்லை. துணி காயப்போடும் கொடியைக்கூட அந்தப் பக்கம் போகாமல் வளைத்துக் கட்டியிருந்தார்கள்.

வீட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆளைத் தின்ன வண்டி.

தின்னப்பட்ட ஆள் அந்த வீட்டின் மூத்த மகன். நூல் மில்லில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பாலத்து ஏற்றத்தில் சைக்கிளோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். வீடு டாக்டரை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பியது, கூடவே சைக்கிளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இதே சைக்கிள்தான் அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் அவன் அப்பாவை மழையில் சறுக்கிவிட்டுத் தோள்பட்டையை உடைத்தது. அப்பனிடம் எலும்பை வாங்கியது, மகனிடம் உயிரை வாங்கியது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு சம்பவம் கிடைத்தால் போதும், நடுவில் ஒரு கோடு போட்டுவிடுகிற புத்தி மனிதனுக்கு. அதே சைக்கிள் அப்பனையும் மகனையும் வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்த நாள்கள் எத்தனையோ இருந்திருக்கும். கீழே தள்ளாத நாளைப் பற்றி யார் கதை சொல்லப் போகிறார்கள்?

செத்தவனின் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். அறுவை முடிந்து வரும் கருவிகளை எண்ணி வாங்கி, கழுவி, துடைத்து, நீராவிப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது அவளுடைய அறையின் வேலை. கத்தரிக்கோல் ஒன்று குறைந்தாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நின்றுகொள்வாள், கொடுக்காமல் நகரமாட்டாள். அதனால் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர் வந்தது. வார்டுப் பையன்கள் அவசரத்தில் அதைக் கத்தரிக்கா என்று கூப்பிட, புதிதாக வந்த நர்சு ஒருத்தி அவள் காய்கறி கொண்டுவருகிறாள் என்று நினைத்துக் கால் கிலோ கேட்டாள். கத்தரியக்கா சிரிக்கவில்லை. "எடை போடற கருவி எங்க ரூம்ல இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் ஜோக்குகள் எல்லாம் அந்த மாதிரிதான். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது ஜோக் என்று தெரியும்.

பெரும்பாலும் பேசாதவள். புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை, சம்பளம் வந்தது. மாமியாரோடும் கொழுந்தனோடும் அதே வீட்டில் இருந்தாள். கொழுந்தனுக்கு அண்ணன் வேலை பார்த்த அதே மில்லில், அண்ணன் செத்த அடுத்த மாதமே வேலை கிடைத்தது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நல்லவன்தான். சில விஷயங்களைப் பேசாமல் இருப்பதில் மட்டும் கெட்டிக்காரன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஆஸ்பத்திரி ஒரு கல்லைப் போட்டது. தியேட்டர்கள் இனி விடியற்காலையிலேயே தொடங்கும், கருவி அறை அதற்கும் முன்னால் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆஸ்பத்திரி வேன் ஒன்று ஊழியர்களை ஏற்றிக்கொண்டு அவள் தெருமுனை வழியாகத்தான் போகும். ஆனால் அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். கத்தரியக்கா ஒப்பந்தத்து ஆள். வேனில் இடம் இருந்தது. பாதி சீட் காலியாகத்தான் போனது. ஒரே அறையில், ஒரே தொட்டியில், ஒரே இரத்தத்தைக் கழுவுகிற இரண்டு பெண்களில் ஒருத்தி வேனில் போகலாம், இன்னொருத்தி போகக்கூடாது. காலி சீட்டுக்கு யார் மேலும் இவ்வளவு வெறுப்பு இருக்க நியாயமில்லை. ஆஸ்பத்திரி மேனேஜரிடம் போய்க் கேட்டாள். "ரூல்ஸ்ம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்போது ஆளே தெரிவதில்லை.

கொஞ்ச நாள் கொழுந்தன் தன் மோட்டார் பைக்கில் கொண்டுபோய் விட்டான். விட்டான் என்பதை மறக்கவிடாமலும் பார்த்துக்கொண்டான். பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டர் அவளுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்து நின்றான். ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"அண்ணி, மில்லுல ஒரு வாரம் கழிச்சு என்னை ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்தறாங்க. அதுக்கப்புறம் காலைல நான் வீடு வந்து சேர்றப்ப நீங்க அங்க வேலைய ஆரம்பிச்சிருக்கணும். ஒத்து வராது."

"சரி தம்பி."

"என்ன சரி? எப்படிப் போவீங்க?"

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லேட்டாப் போனா நிறுத்திடுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. வேலைய விட்டுடுங்க. அம்மாவுக்கும் முழங்கால் முடியல. வீட்டோட ஒரு ஆள் இருந்தா நல்லதுதான?"

மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் யாரையும் கட்டிப் போடல. என் முழங்காலை ஏன்டா இழுக்கிற?" என்றாள்.

கத்தரியக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று சைக்கிளைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சைக்கிள் ஓட்டியவள். புதுசு வாங்கலாம் என்றால், அந்த வருடச் சேமிப்பு முழுக்க ஒழுகிய கூரைக்குப் போயிருந்தது. கையிலேயே ஒரு சைக்கிள் இருக்கும்போது புதுசு எதற்கு என்றும் தோன்றியிருக்கும். மறுநாள் லீவு நாள். காலையில் எழுந்து சைக்கிளைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்தாள். சுவரில் அதன் உருவம் காவிக் கோடாக அப்படியே பதிந்திருந்தது.

மாமியார் பின்வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கு அதை எடுக்கிற?"

"வேலைக்குப் போக அத்தை."

"உனக்குப் பைத்தியமா? என் புள்ளைய முழுங்கினது அது. அது மேல நீயும் ஏறப்போறியா?"

"ஏறணும்னா முதல்ல அது நிக்கணும். இப்ப நிக்கவே மாட்டேங்குது."

"வெளையாடாத. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அது ரோட்டுல ஓடக்கூடாது."

கத்தரியக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளினாள் என்பதும் சரியில்லை, சக்கரம் சுற்றவில்லை. பாதி தூரம் இழுத்தாள், மீதி தூரம் தூக்கினாள்.

தெருமுனை சைக்கிள் கடைக்காரர் தடித்த மனிதர். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கடையின் எல்லாப் பொருளும் கைக்கு எட்டுகிற மாதிரி கடையை அமைத்துக்கொண்டவர். அவளையும் சைக்கிளையும் பார்த்து எழுந்தே விட்டார்.

"இது ஆளைத் தின்ன வண்டியாச்சே?"

"அப்படித்தான் சொல்றாங்கண்ணே."

குனிந்து பெடல் பக்கத்துச் சக்கரத்தைத் தட்டினார். "இதோ பல்லு இருக்கு. ஆனா இது செயினைத்தான் கடிக்கும். ஆளைக் கடிக்கிற பல்லு எங்கயும் காணோமே."

ஒரு ஸ்பேனரை எடுத்து ஃபிரேமின் குழாய்களில் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு இடத்திலும் கணீரென்று சத்தம் வந்தது. பெடல் அச்சு போகிற உருளைக்கு அடியில், தண்ணீர் தேங்குகிற இடத்தில், ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை.

"மேல் துருதாம்மா. உள்ள எறங்கல. அரிச்சிருந்தா சத்தம் செத்திருக்கும், முனை பொசுக்குன்னு உள்ள போயிருக்கும். பழைய காலத்து இரும்பு, கனமாப் போட்டிருக்கான். சக்கரம், செயின், பிரேக் எல்லாம் நான் கழட்டி வேற மாத்தித் தரேன். ஃபிரேமைத் தேய்க்கிறது உங்க பாடு."

"நானே தேய்க்கிறேன்."

"நான் தேய்ச்சா கூலி உங்களுக்குக் கட்டாது. நீங்க தேய்ச்சா என் முதுகு பொழைச்சுக்கும். பெயின்ட் கெட்டியாப் பிடிச்சிருக்கிற இடத்தை விட்டுடுங்க. உரிஞ்ச இடத்துல மட்டும் இரும்பு வெள்ளையாத் தெரியிற வரைக்கும் தேயுங்க. முடிச்சுட்டுக் கொண்டாங்க, பெயின்ட்டுக்கு அடியில துருவைத் தடுக்கிற ப்ரைமர் அடிச்சுடலாம்."

வெறும் ஃபிரேமையும் முன்சக்கரம் மாட்டுகிற ஃபோர்க்கையும் தோளில் மாட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

துரு எடுப்பதில் வீரம் எதுவும் கிடையாது. பொறுமை இருந்தால் போதும். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் துடைத்தெடுத்தாள். பிறகு கம்பி பிரஷ்ஷால் உதிருகிற துருவை உதிர்த்தாள். சாப்பாடு சுற்றிவரும் வெள்ளித்தாளைக் கசக்கி உருண்டையாக்கி, வினிகர் கலந்த தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் மெல்லிய துரு வழித்துக்கொண்டு வந்தது. அதற்கும் மசியாத இடத்துக்கு உப்புத்தாள். குழாய்கள் சேருகிற மூலைகளுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். கடைசியாக மெல்லிய ஸ்டீல் நார். தரையில் விரித்த செய்தித்தாளில் காவிச் சேறு தேங்கியது. கைரேகைகளுக்குள் காவி ஏறிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் மருதாணியா என்று கேட்டார்கள்.

கடைக்காரர் சொன்ன ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. பெயின்ட் பிடித்திருந்த இடத்தையும் விடவில்லை. அவள் வேலை பார்த்த அறையில் பாதி சுத்தம் என்று ஒன்று கிடையாது. ஒரு கருவி சுத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் அழுக்காக இருக்கும். பச்சை முழுவதையும் சுரண்டினாள். வேலை விட்டு வந்த பிறகு சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை, ஒரு வாரம் முழுக்க இதே வேலை. மேல்பாரின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய துருவுக்கு அடியில் இரும்பு வழவழவென்று இருந்தது. அவன் ஏறி இறங்கும்போது கால்சட்டை தேய்த்துத் தேய்த்தே அப்படி ஆகியிருந்தது. அந்த இடத்தையும் மற்ற இடத்தைப் போலவே தேய்த்தாள்.

கொழுந்தன் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து நின்றான். "அண்ணி, இவ்வளவு தேய்ச்சா ஃபிரேம் கரைஞ்சே போயிடும்."

"கரையட்டும் தம்பி. மிச்சம் இருக்கிறதுல ஏறிப் போறேன்."

"அம்மா சாப்பிட மாட்டேங்குது தெரியுமா?"

"தெரியும். நான் போனப்புறம் சாப்பிடறாங்க. பாத்திரம் நான்தான கழுவறேன்?"

அடுத்த லீவு நாளில் ஃபிரேம் முழுக்க வெள்ளி மாதிரி நின்றது. அன்று கடைக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் கடையை மூடியிருந்தார். ப்ரைமர் மறுநாள்தான் அடிக்க முடியும். இங்கேதான் கத்தரியக்கா ஒரு தப்புச் செய்தாள். அவள் மாதிரி ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அறுவைக் கருவியைத் தேய்த்து முடித்ததும் என்ன செய்வார்கள்? சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, சுத்தமான துணியில் பரப்பி, தூசி படாமல் இன்னொரு துணியால் மூடிவிடுவார்கள். தன்பாட்டில் காயும். அவள் கைக்கு வேறு முறை தெரியாது. ஃபிரேமைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். நாலு வாளித் தண்ணீர் ஊற்றி அலசினாள். பழைய வெள்ளைப் போர்வை ஒன்றின் மேல் படுக்க வைத்து, இன்னொன்றால் போர்த்தினாள். அன்று வானம் மூடிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. மறுநாள் விடியும்முன் கொழுந்தனோடு கடைசித் தடவையாகப் பைக்கில் ஏறி வேலைக்குப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது பின்கட்டில் மாமியாரும் கொழுந்தனும் நின்றிருந்தார்கள். வெள்ளைப் போர்வை முழுக்கச் சிவப்பு. ஃபிரேம் படுத்திருந்த வடிவத்தில், திட்டுத் திட்டாக, நனைந்து ஊறிய சிவப்பு. போர்வையை விலக்கினாள். நேற்று வெள்ளி மாதிரி இருந்தது முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது.

"பாத்தியா?" மாமியார் போர்வையை நோக்கி விரலை நீட்டினாள். "பாத்தியா? நான் சொன்னா நீ கேக்கல. ரத்தம் கக்குது பாரு. என் புள்ள ரத்தம்."

கொழுந்தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். "போதும் அண்ணி. நாளைக்கே பழைய இரும்புக்காரனை வரச் சொல்றேன். உங்க வேலைக்கும் சொல்லிடுங்க. இதுக்கு மேல பிடிவாதம் பிடிச்சா நல்லா இருக்காது."

கத்தரியக்கா போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் செய்த உழைப்பு ஒரு ராத்திரியில் எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் கழுவி மூடி வைத்த ஒரு கருவியும் இப்படி ஆனதில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாமியார் சொல்வது சரியோ என்று அவளுக்கும் தோன்றியது. இதை மறைத்து எழுத வேண்டியதில்லை. களைத்துப்போன மூளையில் யார் சொன்ன கதையும் குடியேறும், வாடகை கேட்காது.

அதற்குப் பிறகுதான் அவள் யோசித்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். மேடைக்குக் கீழே ஆணியில் இரும்பு வாணலி தொங்கியது. மாமியாரின் வாணலி, வேறு யாரையும் அவள் அதைக் கழுவ விடுவதில்லை. அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள்.

"அத்தை, இதைக் கழுவினதும் எண்ணெய் தடவித்தான மாட்டறீங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"எதுக்குத் தடவறீங்க?"

"தடவலைன்னா துருப்பிடிச்சுப் போகும்ல. இது தெரியாமலா இத்தனை வருஷம் சமைச்ச?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு, "அது வாணலி. இது வேற" என்றாள்.

"இரும்புதான இரண்டும்?"

"ஒண்ணு சோறு போட்டது. இன்னொண்ணு ஆளைத் தின்னது."

"சரி, பாத்துடலாம்."

வாணலியின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டீல் நாரால் தேய்த்தாள். கறுப்பு போய் வெள்ளை தெரிந்தது. அதில் பாதிக்கு எண்ணெய் தடவினாள். மீதிப் பாதியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அலசி, ஈரத் துணியைப் போட்டு மூடினாள். பிறகு மாமியாருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நீங்களே காவல் இருங்க. நான் தொடலைன்னு நீங்கதான் சாட்சி."

மாமியார் உட்கார்ந்தாள். உட்காராமலும் போயிருக்கலாம். ஆனால் அது அவளுடைய வாணலி. கொழுந்தன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போனான். கத்தரியக்கா துணி துவைத்தாள், காயப்போட்டாள், காய் நறுக்கினாள். எட்டிப் பார்க்கவில்லை.

டீ நேரத்தில் மாமியாரின் குரல் வந்தது. "இங்க வா."

துணி விலகியிருந்தது, மாமியாரே விலக்கியிருந்தாள். வாணலியின் எண்ணெய் தடவிய பாதி பளிச்சென்று அப்படியே இருந்தது. இன்னொரு பாதியில் ஆரஞ்சு நிறம், ஃபிரேமில் இருந்த அதே நிறம், பூத்திருந்தது. ஈரத் துணியிலும் அதே சிவப்புத் திட்டு.

"இந்த வாணலி யாரைத் தின்னுச்சு அத்தை?"

மாமியார் விரலால் அதைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். புடவை நுனியில் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி பட்டா எல்லா இரும்பும் இப்படித்தான். எங்க ஆஸ்பத்திரிக் கருவி வேற சாதி இரும்பு, துருப்பிடிக்காது. அந்தப் பழக்கத்துல கழுவி மூடி வெச்சுட்டேன். தப்பு என்மேல. வண்டிமேல இல்ல."

மாமியார் ஃபிரேமைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சைக்கிள் இத்தனை வருடம் அவளுக்கு ஓர் உபகாரம் செய்திருந்தது. மகன் ஏன் செத்தான் என்ற கேள்விக்குப் பின்சுவரில் சாய்ந்துகொண்டு பதிலாக நின்றது. இப்போது பதில் வெறும் இரும்பாகிவிட்டது. கேள்வி மட்டும் மிச்சம்.

"அப்ப அவன் எதனாலதான் செத்தான்?"

"நெஞ்சு வலியால."

"அது டாக்டர் சொன்னது. நல்லா இருந்த புள்ளைக்குத் திடீர்னு எப்படி வரும்?"

"திடீர்னு வரல அத்தை. முந்தின நாளே வேலைல வலி வந்துச்சு. லீவு கேட்டார். ஆள் இல்லை, காலைல வந்தே ஆகணும், வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். வாயுவா இருக்கும்னு உங்க புள்ள தனக்குத்தானே சொல்லிக்கிட்டுக் கிளம்பினார்."

"யார் சொன்னது உனக்கு?"

"அவரே சொன்னார். தம்பிக்கும் தெரியும்."

கொழுந்தன் தூங்கவில்லை. கதவோரம் நின்றிருந்தான். அன்றிலிருந்து ராத்திரி ஷிஃப்ட், வேலைக்குக் கிளம்புகிற சட்டை.

"தெரியுமாடா?" என்றாள் அம்மா.

"மில்லுல யாருக்குத்தான் தெரியாது?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ போய் மில் கேட்டுக்கு முன்னாடி நின்னு கத்தியிருப்ப."

"கத்தியிருப்பேன்."

"கத்தியிருந்தா எனக்கு அந்த வேலை கிடைச்சிருக்குமா? கூப்பிட்டுக் குடுத்தாங்களே, எதுக்குக் குடுத்தாங்கன்னு நினைக்கிற? வாயை மூடத்தான். மூடிக்கிட்டேன். மூணு பேரும் சாப்பிட்டோம்ல?"

"அதுக்காக ஒரு சைக்கிளைத் திட்ட விட்டியா என்னை? இத்தனை வருஷமா?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். அவனுக்கு மட்டும் உரிய குற்றமும் அல்ல இது, அவன் வேலை போய்விடும் என்று அண்ணியும்தான் வாயைத் திறக்கவில்லை. சைக்கிளைத் திட்டினால் சைக்கிள் யாரையும் வேலையை விட்டு நீக்காது, மில் நீக்கும். ஏழை வீட்டுக் கோபம் எப்போதும் வாய் இல்லாத பொருளாகப் பார்த்து இறங்குவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் எதுவும் இல்லை. ராசி இல்லாத வண்டி, ராசி இல்லாத வீடு, ராசி இல்லாத மருமகள் என்று எத்தனை பேச்சு! ராசி இல்லாத முதலாளி என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா?

அவன் பைக் சாவியை எடுத்தான். திரும்ப வைத்தான். "நான் இப்ப என்ன செய்யணும்ங்கிற?" என்றான், அம்மாவையா அண்ணியையா என்று தெரியாமல். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது.

கத்தரியக்கா ஸ்டீல் நாரை எடுத்துக்கொண்டு ஃபிரேமுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இளம் துரு, வேர்விடவில்லை. லேசாகத் தேய்த்தாலே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாமியார் ஒரு காய்ந்த துணியோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கத்தரியக்கா தேய்த்த இடத்தை மாமியார் துடைத்தாள். வாணலியைத் துடைக்கிற கை. ஒரு மூலையையும் விடவில்லை.

"தண்ணி வேணாம்" என்றாள் மாமியார், யாரும் தண்ணீர் கேட்காதபோதே.

"வேணாம் அத்தை."

"எண்ணெய் தடவட்டுமா?"

"தடவினா ப்ரைமர் ஒட்டாது. இப்பவே தூக்கிக்கிட்டுப் போய் அடிச்சுடறேன். கடை திறந்திருக்கும்."

"நட, நானும் வரேன். அந்த ஆளு கையில தண்ணி கிண்ணி வெச்சுக்கிட்டுத் தொடப்போறான்."

முழங்கால் வலிக்கிறவள் தெருமுனைவரை வந்தாள். சைக்கிள் கடைக்காரர் இரண்டு பெண்களையும் ஃபிரேமையும் பார்த்துவிட்டு ஒரு ஜோக்கை ஆரம்பித்தார். மாமியாரின் முகத்தைப் பார்த்து அதைப் பாதியில் விழுங்கினார். பிசுக்குப் போகத் தின்னரில் துடைத்து, செங்காவி நிற ப்ரைமரை அங்கேயே அடித்தார். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு, "அடியில பூசுங்க, அந்த மூலைல விட்டுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "அம்மா, நீங்க கடைய வேணா எடுத்துக்கறீங்களா?" என்று அவர் கடைசியில் கேட்டுவிட்டார்.

மேலே என்ன நிறம் அடிப்பது என்று பேச்சு வந்தபோது பச்சை வேண்டாம் என்றாள் கத்தரியக்கா. கடையில் மீதமிருந்தது கறுப்பு. கறுப்பே அடித்தார்கள்.

சக்கரம் மாட்டிப் பிரேக் பூட்டிச் சைக்கிள் தயாராவதற்குள் சில நாள் அவள் விடியும் முன்பே எழுந்து நடந்தே போனாள். ஒரு நாள் லேட். பெயரைக் குறித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை ஆனால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். வேன் அவளைத் தாண்டிப் போனது, வழக்கம்போல் பாதி காலியாக.

கொழுந்தன் அந்த நாள்களில் வீட்டில் அதிகம் பேசவில்லை. அம்மாவும் அவனிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மில்லில் யாரையாவது கேட்டானா, கேட்கப்போகிறானா என்பது தெரியாது. அந்த சூப்பர்வைசர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது மேனேஜர்.

சைக்கிள் வந்த மறுநாள் காலை. இருட்டு பிரியவில்லை. கத்தரியக்கா சீருடையின் கால்பகுதியை ஒரு கிளிப் போட்டு மடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைக் கேரியரில் செருகினாள். உயரமான பார். ஒரு முறை ஏறிப் பார்த்து, இறங்கி, சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாள். மாமியார் வாசலுக்கு வரவில்லை. விளக்கு போட்ட சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிரேக் பிடிக்குதா?"

அந்த வீட்டில் அந்தச் சைக்கிளைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு கேட்கப்பட்ட முதல் சரியான கேள்வி அது.

கத்தரியக்கா இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தாள். "பிடிக்குது அத்தை" என்று சொல்லிவிட்டுப் பெடலில் காலை வைத்தாள்.